கூடாரம் நின்னுச்சா?

கூடாரம் எழும்பி நின்றதும் லில்லி உள்ளே புகுந்து மல்லாந்து படுத்துக்கொள்வாள். சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி, காஞ்சிபுரம் செவிலிமேட்டுக்கு அப்பால் பாலாற்று மணல். கூடாரத்துக்குள் அடுப்படி மாதிரி வேகும். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, கை இரண்டையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் அசையாமல் கிடப்பாள். வெளியே பெண்கள் சுள்ளி பொறுக்குகிற பாவனையில் அங்குமிங்கும் நடப்பார்கள். பிறகு முகமெல்லாம் வேர்வையாக வெளியே வந்து, "துணி எங்கனா ஓட்டையா இருக்குதான்னு பாத்தேன்" என்பாள். பதினோரு வருஷமாக வாராவாரம் இந்த ஓட்டையைத் தேடுகிறாள். இன்னும் அகப்படவில்லை. பெண்களும் ஏன் என்று கேட்டதில்லை.

லில்லிக்கு முப்பத்தேழு வயது. குள்ளம். நடை மட்டும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவளின் நடை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, கழுத்தில் நீலத்துணி ஒன்றை முடிந்து, அதன்மேல் விசிலையும் தொங்கவிட்டுக்கொண்டால் அவள் விடிவெள்ளிச் சங்கத்தின் தலைவி. எந்தக் காலத்திலோ ஒரு துரைசானி சர்ச்சுப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்துவிட்டுக் கப்பல் ஏறிப் போன சங்கம் அது. நடுவில் தூங்கிக் கிடந்ததை அறுபத்தோராம் வருஷம் தட்டி எழுப்பியவள் லில்லி. சனிக்கிழமைதோறும் பதினைந்து, இருபது பெண்கள் வருவார்கள். கையை நீட்டி, "விழித்திருப்பேன், கேட்பவருக்கு உதவுவேன்" என்று உறுதிமொழி சொல்வார்கள். அப்புறம் இரண்டே தீக்குச்சியில் அடுப்பு மூட்டுவது, உடைந்த கைக்குக் கட்டுப் போடுவது, திசை பார்ப்பது என்று பாடம் நடக்கும். திசை பார்ப்பதற்கு லில்லி வைத்திருக்கும் வழி சுலபமானது. "தூரத்துல பெரிய கோபுரம் தெரியுது பாரு, அதான் வடக்கு" என்பாள். கோபுரம் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டதற்கு, "அப்ப யாரையாச்சும் கேளு. வாய் எதுக்கு இருக்குது?" என்றாளாம்.

வைகாசி கருடசேவைக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அன்றைக்கு விடியற்காலை மூன்று மணியிலிருந்து நீலத்துணிப் பெண்கள் தெருமுனையில் பானையோடு நிற்பார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், மயங்கி விழுந்தவர்களை நிழலுக்குத் தூக்குவார்கள், காணாமல் போன பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். பெருமாள் சேவிக்க வந்தவர்கள் தொலைத்த பிள்ளைகளுக்கு வேதப்பாடத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து அழுகையை நிறுத்துவது லில்லியின் வழக்கம். அம்மாக்காரிகள் வந்து கூட்டிப் போகும்போது பிள்ளை பாடிக்கொண்டே போகும். இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை.

இது சனிக்கிழமை லில்லி. மற்ற நாள் லில்லி பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று நெய்து தீர்ந்ததும், மிச்சமிருக்கும் பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் சேர்த்து முறுக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. விரலைச் சாம்பலில் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு உருட்டு, ஒரு மடிப்பு. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவாள். சாம்பலுக்குத் தன் டப்பாவையே எடுத்துப் போவாள். ஒருநாள் அது காலியாகிவிட்டபோது, நெசவாளர் கோதண்டபாணியின் மனைவி ரேணுகாம்பாள் சுவாமி மாடத்திலிருந்து திருநீற்று மடலை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். "உங்க சாமி கோவிச்சுக்குமா லில்லி?" என்று கேட்டாள். "எங்க சாமிக்குத் தறி நின்னாதான் கோவம் வரும்" என்றாள் லில்லி.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம். வால் இருக்கக் கூடாது. இரண்டு இழை சேர்ந்த இடத்தில் நுனி நீட்டிக்கொண்டிருந்தால் அது சீப்பு மாதிரி இருக்கும் தறி அச்சின் பல்லில் மாட்டும், இழை அறுந்துபோகும், அப்புறம் நெசவாளர் வாயில் என்ன வருமென்று சொல்ல முடியாது. லில்லி பிணைத்த பாவில் கையை வைத்துத் தடவினால் இணைப்பு எங்கே என்று தெரியாது. வெள்ளைக்குளத்திலிருந்து பிள்ளையார்பாளையம் வரைக்கும் அவளுக்கு அந்தப் பெயர் உண்டு.

அதே விரலால்தான் கூடாரத்துக்கும் கயிறு கட்டுவாள். சங்கத்துக்கு மூன்று கூடாரம், மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பட்டாளத்துச் சரக்கு. ஒவ்வொன்றிலும் ஆறு இரும்பு வளையம், வளையத்துக்கு ஒரு கயிறு. அந்தப் பதினெட்டு முடிச்சையும் வேறு யாரும் தொடக் கூடாது. பெண்கள் முளை அடிக்கலாம், கயிற்றை இழுத்து முளையில் மாட்டலாம், அவ்வளவுதான். வளையத்து முடிச்சு லில்லியுடையது. கயிற்றின் கடைசி நுனியில் போட்டு, இறுக்கி, வால் நகக்கண் அளவுக்குக்கூடத் தெரியாமல் உள்ளே தள்ளிவிடுவாள். பார்க்க அத்தனை அழகாக இருக்கும். பாலாற்று மணலில் அந்தக் கூடாரங்கள் ஒருநாளும் ஆடியதில்லை.

வருஷா வருஷம் சித்திரைக் கடைசியில் அவை மூன்றும் ஏலகிரி மலைக்குப் போகும். வேலூர்ப் பக்கத்துச் சங்கங்கள் எல்லாம் அங்கே கூடி முகாம் போடுகிற நாள். மலைமேல் கூடாரத்தில் இரண்டு இரவு தூங்கி எழுந்தவர்களுக்கு முகாம் பேட்ஜ் உண்டு. லில்லியின் தோள்பட்டைத் துணியில் சமையல், முதலுதவி, நீச்சல் என்று ஆறு பேட்ஜ் வரிசையாகத் தைத்திருக்கிறது. ஏழாவது இடம் காலி. அவள் ஏலகிரிக்குப் போனதே இல்லை.

பதிமூன்று வயதில் துரைசானி கூட்டிப் போவதாக இருந்த வருஷம் லில்லிக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடி, மற்றப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவைக் கடந்து போவதைக் கேட்டாள். அன்றைக்குப் பிடித்தது அந்த ஏக்கம், இன்னும் விடவில்லை. தலைவியான பிறகு தடுப்பதற்கு ஆள் இல்லை. புருஷன் யேசுதாஸ் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர், தங்கமான மனுஷர். "போய்ட்டு வாயேன். மூணு நாள் நானு கஞ்சி வச்சிக் குடிச்சிக்க மாட்டனா?" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். லில்லியும் பையைக் கட்டுவாள். ஆனால் அது கல்யாண முகூர்த்தக் காலம். புறப்படுகிற தினத்துக்கு முதல் நாள் யாராவது வாசலில் வந்து நின்று, "பாவு வந்துடுச்சும்மா, தறி சும்மா நிக்குது" என்பார்கள். லில்லியின் வாய் தானாகவே, "வந்துடறேன்" என்று சொல்லிவிடும். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மனைவி நீலாம்பாள் பெண்களுக்குத் துணையாகப் போவாள். லில்லி பஸ் ஸ்டாண்டில் நின்று, கூடார மூட்டைகள் பஸ்ஸின் மேல் ஏறுவதைக் கழுத்து வலிக்கப் பார்ப்பாள். "நான் போவலைன்னா இன்னா? என் முடிச்சு போவுது" என்பாள் பக்கத்தில் இருப்பவர்களிடம். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சுவாள்.

பஸ் திரும்பி வரும் நாளில் முதல் ஆளாக அங்கே இருப்பாள். பெண்கள் இறங்குவதற்குள் ஜன்னலைத் தட்டி முதல் கேள்வி கேட்பாள்.

"கூடாரம் நின்னுச்சா?"

"நின்னுச்சுக்கா!"

அதற்குப் பிறகுதான் மற்றக் கேள்விகள். பனி எப்படி இருந்தது, துணிமேல் காற்று அடித்தால் என்ன சத்தம் கேட்கும், காலையில் வெளியே வந்தால் முதலில் எது தெரியும். "பனி இன்னா வாசனைடி?" என்று ஒரு தடவை கேட்டாள். "ஈரத்துணி வாசனைக்கா" என்றாள் ஒருத்தி. "இல்லக்கா, கொத்தமல்லி" என்றாள் இன்னொருத்தி. ஈரத்துணியையும் கொத்தமல்லியையும் கலந்து அவளுக்கு ஒரு மலை கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கூடார மூட்டையைப் பிரித்து, துணியில் முகத்தைப் புதைத்து, தானே தேடிப்பார்ப்பாள். முளைகளில் ஒட்டியிருக்கும் சிவப்பு மண்ணைச் சுரண்டி வாசல் ரோஜாத் தொட்டியில் போடுவாள். பதினெட்டு முடிச்சும் அவள் கட்டி அனுப்பிய மாதிரியே இருக்கும். அதைத் தடவிப் பார்க்கையில் மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

இந்த வருஷம், எழுபத்திரண்டு ஏப்ரலில், சங்கத்தைப் பார்வையிட வேலூரிலிருந்து சிட்டிபாபு என்பவர் வந்தார். பதவிக்குப் புதியவர், கலகலப்பான மனுஷர், மனசில் இருப்பதை வாயில் கொண்டுவந்துவிடுகிற ரகம். பாலாற்று மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போன வருஷ முகாமில் காஞ்சிபுரத்துப் பெண்கள் செய்த நல்ல காரியங்களை எல்லாம் சொன்னார். தேள் கொட்டிய பிள்ளையை அவர்கள் பார்த்துக்கொண்ட கதையைச் சொன்னார். லில்லிக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாம் சரிம்மா, அந்தக் கூடாரத்த மட்டும் கொஞ்சம் கவனிங்க. மலையில யார் கூடாரம் விழுந்தாலும் 'இன்னாப்பா, காஞ்சிபுரமா?'ன்னுதான் கேக்கறாங்க. காத்து வர்றதுக்கு முன்னாடியே உங்களுது படுத்துடுது."

பெண்கள் அனைவரும் மணலைப் பார்த்தார்கள். சிட்டிபாபு எழுந்து போய் ஒரு வளையத்தைப் பிடித்தார். "இதோ பாருங்க. வாலே இல்ல. கயிறு பனியில ஊறினா நழுவும்மா. நழுவறதுக்கு ஒரு சாண் வுட்டு வச்சாத்தான் நிக்கும்" என்றார். தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரியாமலேயே டீ குடித்துவிட்டு ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

லில்லி மணலில் உட்கார்ந்தாள். இருப்பவர்களில் மூத்தவள் வடிவு, பதினேழு வயது, நாலு முகாம் பார்த்தவள். அவளைத்தான் லில்லி கேட்டாள்.

"எத்தினி வருஷமா விழுதுடி?"

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொத வருஷத்துலேர்ந்துக்கா. அப்ப போனவங்க பஸ்ஸு வுட்டு எறங்கறப்போ உன் மூஞ்சப் பாத்தாங்களாம். சொல்ல மனசு வர்லயாம். அப்பறம் போறவங்களுக்கெல்லாம் அவங்களே சொல்லிக் குடுத்துட்டாங்க. காத்து வந்தா ஆளுக்கு ஒரு கயிறு. கையில சுத்திக்கினு ஒக்காந்துடணும். முறை வச்சித் தூங்குவோம்."

"மழை வந்தா?"

"புடிச்சிக்கினு நனைவோம்."

"வேற மாதிரி முடிச்சு போட வேண்டியதுதானேடி? அங்க சொல்லிக் குடுக்கலயா?"

"சொல்லிக் குடுத்தாங்கக்கா. அது நீ போட்ட முடிச்சு. நீயுந்தான் வர மாட்ற. அதையும் அவுத்துட்டா, மேல நீ எங்க இருக்கற? விழுந்ததை விடிஞ்சதும் உன்ன மாதிரியே கட்டிடுவோம்."

இந்த முறைதான் முதன்முதலாகப் போகவிருந்த பதிமூன்று வயதுக் காந்தா, "நானும் புடிப்பேன்க்கா, வீட்டுலயே கயிறு கட்டிப் பழகிட்டேன்" என்று சொல்லித் தன் மெலிந்த மணிக்கட்டைக் காட்டினாள். லில்லிக்குக் கோபம் வந்தது, வெட்கம் பிடுங்கித் தின்றது, இரண்டுக்கும் மேலாக அந்தப் பிள்ளைகளை வாரி அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எதையும் செய்யாமல், விசிலை ஊதிக் கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னாள். அன்றைக்கு உள்ளே போய்ப் படுக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம். பை கட்டியாகிவிட்டது. எதிர்பார்த்த மாதிரியே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கோதண்டபாணி வந்திருந்தார்.

"லில்லிம்மா, பாவு வந்துடுச்சு. தறி சும்மா நிக்குது. வைகாசி மொத முகூர்த்தத்துக்குப் பொடவ குடுத்தாவணும். நாளைக்கு விடிஞ்சதும் வந்துடு."

உள்ளே யேசுதாஸ் பேப்பரை இறக்கிவிட்டு மனைவியைப் பார்த்தார். பதினோரு வருஷமாகக் கேட்ட பதில் அவருக்கு மனப்பாடம். லில்லி வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"நிக்கட்டும்ணா."

"இன்னாது?"

"தறி மூணு நாளு நிக்கட்டும். என் கூடாரம் பதினோரு வருஷமா விழுந்துக்கினு இருக்குது. நான் போவணும்."

கோதண்டபாணிக்குக் கூடாரமும் புரியவில்லை, விழுந்ததும் புரியவில்லை. லில்லி மாட்டேன் என்று சொன்னது மட்டும் புரிந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ பிள்ளையார்பாளையம் ஏலவார்குழலியத்தான் கூப்புடணும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, வேறு வழி தெரியாமல்தான் சொன்னார். ஆனால் லில்லிக்கு அது சுருக்கென்று தைத்தது. கோதண்டபாணி வீட்டுத் தறியில் பதினைந்து வருஷமாக வேறு ஒரு கை பட்டதில்லை.

"கூப்புடுங்க" என்றாள்.

"அவ வால் வுடுவாளேம்மா."

"வுடட்டும்ணா. கொஞ்சம் வால் இருந்தா ஒண்ணும் கெட்டுப்போயிடாது" என்றாள் லில்லி. சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. யேசுதாஸ் எழுந்து போய், அவளுடைய பையைக் கொண்டுவந்து கதவோரம் வைத்தார்.

மறுநாள் மூட்டையோடு மூட்டையாக அவளும் ஏறினாள். வேலூரில் பஸ் மாறி, அடிவாரத்தில் இறங்கி, பெண்கள் அவளுக்காக மெதுவாக நடந்தார்கள். அவளோ அவர்களை முந்திக்கொண்டு போனாள். மேலே போய்ச் சேர்ந்தபோது பனி இறங்கிக்கொண்டிருந்தது. அது ஈரத்துணி வாசனையும் இல்லை, கொத்தமல்லி வாசனையும் இல்லை. என்ன வாசனை என்று சொல்ல அவளுக்கும் வார்த்தை அகப்படவில்லை. அப்புறம் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பதினெட்டு முடிச்சையும் தன் கையாலேயே அவிழ்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் அளந்து, வால் விட்டு, புதிதாகக் கட்டினாள். தொங்கும் நுனிகளைப் பார்க்கப் பார்க்க, உள்ளே தள்ளச் சொல்லிக் கட்டைவிரல் குறுகுறுத்தது. முன்றானையால் அதைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்துக் கூடாரத்துத் தலைவி ஒருத்தி எட்டிப்பார்த்து, "காஞ்சிபுரமா?" என்று சிரித்தாள். "ஆமாம்மா, காஞ்சிபுரந்தான்" என்றாள் லில்லி.

படுக்கிற நேரத்தில் பெண்கள் அவளுக்கு நடுவில் இடம் விட்டார்கள். பாலாற்று மணலில் பதினோரு வருஷம் பழகிய மாதிரியே மல்லாந்து படுத்து, கைகளைக் கோத்து, கண்ணை மூடினாள். காற்று வந்தது. துணி படபடவென்று அடித்துக்கொண்டது. எத்தனையோ நாள் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள முயன்ற சத்தம்தான் அது. அவள் காது அதில் நிற்கவில்லை. வெளியே கயிறு இழுபடும் சத்தத்துக்குப் போய்விட்டது.

விடியற்காலையில் வடிவு கண்விழித்தபோது நடுவிடம் காலியாக இருந்தது. போர்வை மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தது. பதறிக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று கூடாரமும் ஆடாமல் நின்றன. வாசல் கயிற்றுக்குப் பக்கத்தில், புல்லின் ஈரத்தில், தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு லில்லி உட்கார்ந்திருந்தாள். கயிறு அவள் வலது கையில் சுற்றியிருந்தது. மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

"எப்பக்கா எழுந்து வந்த?"

"காத்து வந்தப்போ."

வடிவு குனிந்து வளையத்தைப் பார்த்தாள். பனியில் கயிறு ஊறிப்போயிருந்தது. முடிச்சு கொஞ்சம் நழுவி, ஒரு சாண் வாலில் பாதியைத் தின்றுவிட்டு, கெட்டியாக நின்றுகொண்டிருந்தது.

"நிக்குதுக்கா! சூப்பரா நிக்குது. அத வுட்டுட்டு வந்து கொஞ்ச நேரம் படு. தூங்கினாத்தான் பேட்ஜு. இத்தினி வருஷம் கழிச்சி வந்துட்டு வெளியவே ஒக்காந்துக்கினு இருக்கறியே."

லில்லி முடிச்சைப் பார்த்தாள். கூடாரத்துக்குள் காந்தா வாயைத் திறந்துகொண்டு தூங்குவது தெரிந்தது. அவளுடைய இரண்டு கையும் வெறுமையாகப் போர்வைக்கு வெளியே கிடந்தன.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் காற்றுக் கிளம்பியது. லில்லி கயிற்றை மணிக்கட்டில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.